பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

முதலில் கேள்வி என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 26 வயதுப் பெண், சென்னையில் தனியாக வீடு எடுத்து இருக்கிறார், வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை. காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் நாலு, ஐந்து மணி வரை பசியே தெரிவதில்லையாம். அப்புறம் திடீரென்று தலைவலி, கை நடுக்கம், யார் போன் செய்தாலும் எரிச்சல். ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் போட்டு இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டுவிட்டு வயிறு உப்பிப் படுக்கிறார். அவர் கேட்பது மூன்று விஷயம்: இது நோயா, பசிக்காமல் சாப்பிடுவது கெடுதல் இல்லையா, நேரத்துக்குச் சாப்பிட எப்படித்தான் பழகுவது. கடைசியில், எடை போட்டுவிடுமோ என்று ஒரு பயம் வேறு.

நான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இதே கதையோடு வருகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், ஆனால் யாரும் இதை முதல் விஷயமாகச் சொல்ல மாட்டார்கள். முடி கொட்டுகிறது, அசிடிட்டி, மதியத்துக்கு மேல் மூளை வேலை செய்யவில்லை என்றுதான் வருவார்கள். நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "டீ" என்பார்கள்.

நேராகவே சொல்கிறேன், பசிக்காகக் காத்திருப்பதை விட்டுவிடுங்கள். 'பசித்துப் புசி' என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம், நல்ல அறிவுரைதான், ஆனால் அது பசி ஒழுங்காக வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்குச் சொன்னது. உங்களுக்கு அந்தத் தட்டும் சத்தம் கேட்பதில்லை, அல்லது ரொம்பத் தாமதமாகக் கேட்கிறது. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புற்றுநோய்க்காக வயிற்றையே எடுத்துவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொல்லி அனுப்புகிறார்கள் தெரியுமா? பசிக்கிறதோ இல்லையோ, ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, மணி பார்த்துச் சாப்பிடுங்கள் என்று. பசியைத் தூண்டும் ஹார்மோனின் பெரும்பகுதி அந்த வயிற்றோடு போய்விடுவதால் அவர்களில் பலருக்குப் பசி என்பதே மங்கிப்போகும். ஆனாலும் நேரம் பார்த்துச் சாப்பிட்டு வருஷக்கணக்காக நன்றாக இருக்கிறார்கள். பசி உணர்வு இல்லாமலும் ஒழுங்காகச் சாப்பிட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி போகிற போக்கில் வந்திருக்கிறது: "காலேஜில் இருந்தப்போ இந்தப் பிரச்சினை இல்லை." எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஹாஸ்டலில் காலை டிபனுக்கு ஒரு நேரம், அதைத் தாண்டினால் மெஸ் கதவைச் சாத்திவிடுவார்கள், பக்கத்து ரூம்காரி "வாடி, பூரி தீர்ந்துரும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். வீட்டில் இருந்தவரை அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்கூலில் மணி அடித்தது. அதாவது அப்போதும் உங்களுக்குப் பசி பெரிதாகத் தெரிந்திருக்காது, தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். வெளியே இருந்து யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். தனி வீடு, வீட்டிலிருந்தே வேலை என்றானதும் அந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் காணாமல் போய்விட்டது. கல்யாணமாகி வெளியூர் போனவர்கள், மனைவியை இழந்த பெரியவர்கள், ரிட்டயர் ஆனவர்கள் என்று பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே உங்களிடம் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. போன ஏற்பாட்டைத் திரும்பக் கட்ட வேண்டும்.

பசி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது புரிந்தால் பாதி குற்றவுணர்ச்சி போய்விடும். 1912ல் அமெரிக்காவின் ஹார்வர்டில், வால்டர் கேனன் என்ற பேராசிரியரிடம் படித்த வாஷ்பர்ன் என்ற மாணவர், குழாய் கட்டிய ஒரு ரப்பர் பலூனை விழுங்கி வயிற்றுக்குள் ஊதி வைத்துக்கொண்டார். வயிறு சுருங்கும் ஒவ்வொரு தடவையும் வெளியே இருக்கும் கருவி கோடு போடும். பசி கிள்ளும்போது அவர் தனியாக ஒரு பட்டனை அழுத்துவார், அதற்கும் ஒரு கோடு விழும். இரண்டு கோடும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பசி என்பது வயிறு சுருங்குவதுதான் என்று முடிவு கட்டினார்கள். அது பாதி உண்மை. 1999ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. இது பெரும்பாலும் வயிற்றில் சுரந்து, ரத்தம் வழியாக மூளைக்குப் போய்ச் சாப்பிடு என்று தூண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஏறும், சாப்பிட்டால் இறங்கும்.

இதில் உங்களுக்கு வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, கிரெலின் உங்கள் வழக்கத்தைப் பின்பற்றும். தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு அந்த நேரத்தை ஒட்டியே ஏறும். அதாவது பசி வந்து சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது போலவே, சாப்பாட்டு நேரமும் பசியைத் தீர்மானிக்கிறது. இரண்டு, அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே இறங்கிவிடும். நம் வீடுகளில் 'நேரம் தப்பினால் பசி அடங்கிப்போகும்' என்று சொல்வது அப்படியே சரி. மீட்டிங்கில் இருந்தபோது அந்த அலை வந்து போயிருக்கும், நீங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. பசி இல்லை, அதனால் சாப்பாடு தேவையில்லை என்று முடிவு செய்கிறீர்கள். உடம்போ அதற்குள் ஈரலில் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கியிருக்கும்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. வயிறும் ஹார்மோனும் செய்தி அனுப்பினாலும் அதை வாங்கிப் படிக்க மூளையில் ஆள் வேண்டும். உடம்புக்குள் நடப்பதை உணரும் இந்தத் திறனுக்கு இன்டெரோசெப்ஷன் என்று பெயர், மூளையில் இன்சுலா என்ற பகுதிக்கு இதில் பெரிய பங்கு. பார்வை, கேட்கும் திறன் எல்லாம் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுவது போல இதுவும் வித்தியாசப்படும். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத பிரச்சினை) உள்ளவர்களில் நிறைய பேருக்குப் பசி, தாகம், சிறுநீர் முட்டுவது எல்லாமே கடைசி நிமிஷத்தில்தான் தெரியும். பதற்றத்திலேயே இருக்கிறவர்களுக்குப் பசிக்கும் படபடப்புக்கும் வித்தியாசம் தெரியாது. வருஷக்கணக்கில் டயட் என்ற பேரில் பசியை அடக்கிப் பழகியவர்களுக்கு அது மழுங்கிப்போகும். மன அழுத்த நோயில் பசி காணாமல் போவது தெரிந்த கதை. பாத்ரூம் போகவும் மறந்துவிடுவேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதை நான் சாப்பாட்டிலிருந்து தனியாகப் பார்க்கவில்லை, இரண்டும் ஒரே குடும்பம்தான்.

அப்புறம் மாத்திரைகள். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் டோபிரமேட், சர்க்கரைக்கும் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் கொடுக்கும் மெட்ஃபார்மின், எடை குறைக்கும் மருந்து என்று இப்போது எல்லோரும் பேசும் செமாகுளுடைட், எல்லாமே பசியைக் குறைக்கக்கூடியவை. இதில் ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். ஏடிஎச்டி மாத்திரை என்றால் பலருக்கும் உதவுவது, மாத்திரைக்கு முன்னாலேயே ஒரு முழு டிபனை முடித்துவிடுவது. மதியம் பசி செத்துக் கிடக்கும், மாத்திரையின் வேகம் குறையும் சாயங்காலத்தில் திரும்ப வரும், அந்த நேரத்துக்கு நல்ல சாப்பாடு தயாராக இருக்க வேண்டும்.

டீயையும் சிகரெட்டையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டும் பசியை அமுக்கும். பதினொரு மணிக்குக் கொஞ்சமாகத் தலைகாட்டும் பசியை, சர்க்கரை போட்ட ஒரு டீ கச்சிதமாக மூடிவிடும். டீயை விடச் சொல்லவில்லை, நம் ஊரில் அதைச் சொன்னால் யாரும் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்கள். டீயோடு ஏதாவது கடிக்க வேண்டும், வெறும் டீ கூடாது, அவ்வளவுதான். முழுச் சாப்பாட்டோடு மட்டும் சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இன்னும் நல்லது, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ குறைத்துவிடும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையில் பசியும் குறையும், அப்போது சாப்பாடு இன்னும் குறையும், அப்படியே சுற்றும்.

சரி, இது நோயா? தனியாகப் பார்த்தால் இல்லை. ஆனால் நோயின் அடையாளமாக இருக்கலாம், அதனால் ஒரு தடவை டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. கீழே சொல்வதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்: முயற்சி இல்லாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்தில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, மாதவிடாய் நின்றுபோனது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது சாயங்காலக் காய்ச்சல், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பி வாந்தி, மயக்கம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், அவர்களுக்கு இது பழக்கத்தைத் திருத்தும் விஷயமே இல்லை, அவசரம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்கள் திடீரென்று வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சடாரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். டாக்டர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் உங்களிடம் நேராகக் கேட்கிறேன். சாப்பிடாமல் ஒரு நாளை ஓட்டிவிட்டால் உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றி மாதிரி இருக்கிறதா? சாப்பிட உட்கார்ந்தால் பயமாக இருக்கிறதா? ஆம் என்றால் நான் கீழே எழுதுவது மட்டும் போதாது, மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

பசிக்காமல் சாப்பிட்டால் செரிக்காது என்று பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாசனை பட்டு, தட்டைப் பார்த்து, எச்சில் ஊறும்போதே வயிறு தயாராகத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த முன்னேற்பாடு குறைவாக இருந்தாலும் சாப்பாடு உள்ளே போனதும் வயிறு வேலையை ஆரம்பித்துவிடும். மந்தமாக இருக்கிறது, முந்தைய வேளைச் சாப்பாடே இன்னும் கனக்கிறது என்றால் அளவைக் குறையுங்கள், தவிர்க்காதீர்கள். பாட்டி காலத்தில் பசி தெரியாதவருக்கும் வீட்டில் நேரத்துக்கு இலை போட்டார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி எப்படிப் பழகுவது. இங்கேதான் நிறைய பேர் முதல் நாளே மூன்று வேளைக்கும் அட்டவணை போட்டு, ஓட்ஸ், பழம், காய் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, வியாழக்கிழமைக்குள் விட்டுவிடுவார்கள். உங்களுக்குச் சாப்பாட்டைப் பற்றிய அறிவு குறைவு கிடையாது, அந்த நிமிஷத்தில் முடிவெடுக்கும் தெம்புதான் குறைவு. மணி மூன்று. கொஞ்சம் தலை வலிக்கிறது. ஃபிரிட்ஜைத் திறக்கிறீர்கள். மாவு இருக்கிறது. தோசை ஊற்றலாம். சட்னி இல்லை. தேங்காய் துருவ வேண்டும், மிக்ஸி ஜார் சிங்க்கில் கிடக்கிறது, நேற்றைய சாம்பார் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கல்லு காய ஐந்து நிமிஷம், அதற்குள் ஆபீஸ் சாட்டில் டிங் என்று ஒரு மெசேஜ். ஃபிரிட்ஜை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறீர்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள், அது அப்படி இல்லை, வெறும் வயிற்றோடு இருக்கிற மூளைக்கு அந்தத் தோசை பத்துப் படி ஏறுகிற வேலை. ஆகவே மூன்று மணிக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியிராத மாதிரி செய்துவைப்பதுதான் மொத்த வித்தையும்.

சாப்பாட்டை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுப்பே வேண்டாதது ஒரு வகை. வாழைப்பழம், வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், பால், தயிர், அவலை நனைத்துத் தயிரும் உப்பும் போட்டால் அதுவும். ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு டம்ளர் பால், இது மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 400 கலோரி, 14 கிராம் புரதம். உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் சராசரித் தேவை 1660 கலோரி என்பதால், சமையலறைக்குள் விளக்குப் போடாமலே நாளின் கால்பங்கை முடித்துவிட்டீர்கள். இதைச் சாப்பாடு இல்லை, நொறுக்குத்தீனி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இரண்டாவது, பத்து நிமிஷத்தில் ஆவது: முட்டையை வேகவைப்பது, சத்துமாவுக் கஞ்சி, தோசைக்குத் தேங்காய்ச் சட்னி இல்லாவிட்டால் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும், ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறும் சின்ன வெங்காயமும். மூன்றாவது, உண்மையான சமையல். அதை மனசும் உடம்பும் ஒத்துழைக்கிற நேரத்தில் மட்டும் செய்யுங்கள், செய்கிற அன்றைக்கு இரண்டு வேளைக்குச் சேர்த்துச் செய்யுங்கள்.

முதல் வகை எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும், அதுவும் கண்ணில் படும்படி. சமையலறை அலமாரியில் மூடிவைத்த நிலக்கடலை உங்களுக்கு இல்லாத மாதிரிதான். லேப்டாப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் வையுங்கள், கண்ணாடி ஜாடி என்றால் இன்னும் நல்லது. பழத்தை ஃபிரிட்ஜுக்குள் போடாமல் மேஜை மேலேயே வையுங்கள்.

அலாரத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், யாருக்கும் அது வேலை செய்யாது, ஏனென்றால் 'லஞ்ச்' என்று அலாரம் அடித்ததும் கை தானாகத் தள்ளிவிடும். அலாரத்தின் பெயரிலேயே செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். 'சாப்பிடு' என்பது பெரிய வேலை. 'டப்பாவைத் திற' என்பது சின்ன வேலை, 'குக்கரில் அரிசி போடு' என்பது ஒரே வேலை. இன்னொரு வழி, அலாரமே இல்லாமல் தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு சாப்பாட்டை முடிச்சுப் போடுவது. பல் தேய்த்ததும் ஒரு வாழைப்பழம். காலை மீட்டிங் முடிந்ததும் டிபன், அடுத்த வேலையைத் தொடுவதற்கு முன்னால். தெருவில் பூக்காரம்மா குரல் கேட்டதும் சாயங்காலக் கஞ்சி. அலாரத்தை அணைத்துவிடலாம், பூக்காரம்மாவை அணைக்க முடியாது.

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வேளையை மட்டும் பிடியுங்கள். என் ஓட்டு காலைக்கு. காலையில் ஒன்றும் இறங்காது என்பீர்கள், தெரியும், அதற்குக் காரணம் முந்தின ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டதுதான். பாதி இட்லி போதும். நிஜமாகவே பாதி இட்லி. அளவு முக்கியமில்லை, அந்த நேரம் முக்கியம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒன்று உள்ளே போகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அது நிலைத்ததும் மதியத்தைச் சேருங்கள், அப்புறம் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் நடுவில் ஒன்றிரண்டு. ராத்திரிச் சாப்பாடு தானாகவே முன்னால் நகர்ந்து சின்னதாகும், அதை முதலில் குறைக்கப் போகாதீர்கள். பகலில் சேர்க்காமல் ராத்திரியில் குறைத்தால் இரண்டும் போய்விடும்.

கூடவே உங்கள் உடம்பு வேறு என்ன மொழியில் பசியைச் சொல்கிறது என்று கண்டுபிடியுங்கள். வயிறு கிள்ளுவது ஒரு வழிதான். என்னிடம் வந்த ஒரு தையல்காரம்மா, தீபாவளி சமயத்தில் பகல் முழுக்க மெஷினை விட்டு எழுந்திருக்காதவர், பசியே கிடையாது என்றார். பேசிப் பார்த்தபோது ஒன்று சொன்னார்: சில நேரம் ஊசியில் நூல் கோர்க்க வராது, நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, கண்ணைச் சுருக்கி, மூன்று நாலு தடவை தவறும், கோபம் வந்து நூலையே அறுத்து எறிவேன் என்று. மணி கேட்டால் எப்போதும் பதினொன்றரை, இல்லையென்றால் நாலு. அவருக்குப் பசி விரலில் வருகிறது. இப்போது நூல் இரண்டாம் தடவை தவறினால் எழுந்து போய் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று வைத்திருக்கிறார். உங்களுக்கு அது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதாக இருக்கலாம், கை சில்லிடுவது, கொட்டாவி, காரணமே இல்லாத அழுகை, எதை ஆர்டர் செய்வது என்று முடிவெடுக்க முடியாமல் அரை மணி நேரம் ஆப்பை நகர்த்திக்கொண்டே இருப்பது. இந்தக் கடைசி ஒன்று கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. எரிச்சல் வந்ததும் 'கடைசியாக எப்போது சாப்பிட்டேன்' என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், நாலு மணி நேரம் ஆகியிருந்தால் முதலில் பழம், சண்டை அப்புறம்.

சாப்பிட்டு இருபது நிமிஷம் கழித்தும் ஒரு தடவை கவனியுங்கள். தலைவலி இறங்கியதா, கை சூடாகியதா, அந்த ஆள் மேல் இருந்த கோபம் குறைந்ததா. நிறைய பேருக்குப் பசியை உணரப் பழகுவது இந்தப் பின்வழியாகத்தான் நடக்கிறது. இப்போது சரியானது எதுவோ, சற்று முன் இருந்த பசி அதுதான். பத்துக்கு எத்தனை மார்க் பசி என்று குறித்துவைக்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு, உங்களைப் போன்றவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. தெரியாத ஒன்றுக்கு மார்க் போடச் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும்.

ரொம்ப நேரம் தாண்டிவிட்டால் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும், இதையும் எழுதியிருந்தீர்கள். அப்போது தட்டு நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். முதலில் நாலு வாய் ஏதாவது திரவமாக: சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ், இளநீர், ஆறின பால், நீர்த்த கஞ்சி. பதினைந்து நிமிஷம் விடுங்கள். அதற்கப்புறம் சில்லென்று இருக்கும் சாப்பாடு, தயிர் சாதம் மாதிரி; சூடான சாப்பாட்டில் வாசனை அதிகம், அதுதான் குமட்டலைத் தூண்டும். தினமும் அதே தயிர் சாதமா என்று கேட்பவர்களை விட்டுத் தள்ளுங்கள். பிடித்த நாலே சாப்பாட்டைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுவது, சாப்பிடாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். வகை வகையாகச் சாப்பிடுவதெல்லாம் நேரம் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மனிதர்களையும் பயன்படுத்துங்கள். நம் ஊரில் அம்மா போன் செய்தால் முதல் வார்த்தை "சாப்பிட்டியா?" தான், நாமும் "ம், ஆச்சு" என்று பொய் சொல்லிப் பழகிவிட்டோம். அம்மாவிடம் ஒரு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், "இல்லம்மா, இப்பதான் எடுத்து வைக்கிறேன், நீ பேசு, நான் சாப்பிடுறேன்" என்று போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். தோழி ஒருத்தியோடு வீடியோ காலில் சேர்ந்து சாப்பிடலாம். மாதக் கணக்கில் சாப்பாடு கொடுக்கும் மெஸ் பக்கத்தில் இருந்தால் மதியத்துக்கு மட்டுமாவது சேர்ந்துவிடுங்கள். டிபன் பாக்ஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டால் முடிவெடுக்கும் வேலை ஒன்று குறைந்தது. காசு செலவுதான், ஆனால் ராத்திரி ஆர்டருக்கு நீங்கள் கொடுக்கும் தொகையை ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

விரதம், இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று சுற்றியிருப்பவர்கள் பேசுவார்கள், "நீ சும்மாவே ஃபாஸ்டிங்ல இருக்க, கொடுத்து வச்சவ" என்பார்கள். பசியை அறிந்து, நேரம் குறித்து, திட்டமிட்டுச் சாப்பிடாமல் இருப்பதும், மறந்து சாப்பிடாமல் விடுவதும் ஒன்றில்லை. இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம். கிருத்திகை, ஏகாதசி என்று வீட்டு வழக்கம் இருந்தால் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் முறையில் இருங்கள்.

சனி, ஞாயிறு கவனம். வார நாளில் மீட்டிங்கோடு முடிச்சுப் போட்ட சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை அவிழ்ந்துபோகும். பதினொரு மணிக்கு எழுந்து, துணி துவைத்து, சீரியல் பார்த்து, நாலு மணி ஆகியிருக்கும். அன்றைக்கென்று வேறு முடிச்சு வேண்டும்; பால் காய்ச்சுவது, துணி காயப்போடுவது, எதுவானாலும் சரி. ஒரு வேளை தவறிவிட்டால் அதை ஈடுகட்ட நினைக்காமல் அடுத்ததை அதன் நேரத்தில் சாப்பிடுங்கள்.

பசி திரும்ப வருமா என்றால், பலருக்கு வரும். சில வாரங்கள் ஒரே நேரத்தில் சாப்பிட்டபின் அந்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வாயில் எச்சில் ஊறுவதாகவோ, வயிறு லேசாக இழுப்பதாகவோ சொல்வார்கள், சிலர் இதைச் சொல்லும்போது பயந்துபோய்ச் சொல்வார்கள், முன்னைவிட அதிகமாகப் பசிக்கிறதே என்று. அது நல்ல செய்தி. ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள சிலருக்கு அப்படியும் பெரிதாக வராது, அவர்கள் வாழ்நாள் முழுக்க மணி பார்த்தே சாப்பிடுகிறார்கள், ஒரு குறையும் இல்லை.

கடைசியாக எடை. பகலில் இரண்டு வேளை சேர்த்தால் குண்டாகிவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சில வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கலாம், அதில் நிறைய தண்ணீர், வயிற்றில் இருக்கும் சாப்பாடு, ஈரலும் தசையும் மறுபடி சேர்த்து வைத்துக்கொள்ளும் சர்க்கரை. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், வேண்டுமானால் எடை மெஷினை அந்தச் சமயத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இப்போது ராத்திரி பத்து மணிக்கு ஒரே மூச்சில் உள்ளே போவதுதான் பகலில் பிரிந்து போகப் போகிறது. நீங்கள் ஏற்கெனவே ஒல்லி என்றால் கொஞ்சம் எடை கூடுவது உங்களுக்குத் தேவையானதுதான். சர்க்கரை, கொழுப்பு ஏதாவது ரிப்போர்ட்டில் இருந்தால் டெஸ்ட் எடுத்த பிறகு கேளுங்கள், எந்த வேளையில் எதை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். நாளைக்குக் காலையில் பாதி இட்லியோ ஒரு பழமோ, டீக்கு முன்னால்.